தசையை அழிக்கும் விதை



பிறர்க்கு உதவாதவனுடைய செல்வத்தை ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சு மரத்துக்கு ஒப்பிடுவது தமிழ்ப் புலவர் வழக்கம். கண்ணுக்கு இனிதாய்ப் பழுத்திருந்தும் எவரும் அதனை அணுகார் என்பது அவ்வுவமையின் கருத்து. அதனுள் வேறொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. அவ்வூரார் தம் நடுவே நின்ற நச்சு மரத்தை இன்னதென்று அறிந்திருந்தனர். அறிந்திருந்தமையால் தப்பிப் பிழைத்தனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செடியோ நம்மிற் பலர் பெயர்தானும் அறியாத ஒரு களை. வேலியோரத்திலும் வெறுங் காணிகளிலும் குப்பைமேட்டிலும் அது தானே முளைத்துத் தானே பூத்துக் காய்க்கின்றது. அதன் விதை விலங்குகளின் தசையை எவ்வாறு அழிக்கின்றது என்பதையும், கால்நடை நூலோர் நெடுங்காலமாய் அறிந்திருந்த அந்த உண்மை குழந்தைகளின் கட்டிலருகே சென்று சேராமையால் நேர்ந்த துயரத்தையும் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அச்செடியின் பெயர் பேயாவரை. பொன்னாவரை என்றும் சிலர் வழங்குவர். தாவரங்களின் பெயருக்கு முன்னே நம்மவர் ‘பேய்’ என்னும் அடையைச் சேர்த்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்க்கொம்மட்டி என்னும் பெயர்களை நோக்குங்கள். உணவாகும் ஒன்றைப் போலத் தோன்றி உணவுக்கு ஆகாதது எதுவோ அதற்கே இவ்வடை பெரும்பாலும் வந்து சேரும். அவ்வகையில் பேயாவரை என்னும் பெயரே ஓர் எச்சரிக்கைப் பலகை எனலாம். தாவரவியலார் இதனை முன்னர் ‘கசியா ஒக்சிடென்ராலிஸ்’ என்று அழைத்தனர். இப்போது ‘சென்னா ஒக்சிடென்ராலிஸ்’ என்கின்றனர். பின்னொட்டுக்கு ‘மேற்குத் திசைக்குரியது’ என்பது பொருள். அமெரிக்காவின் வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி இன்று உலகின் வெப்ப வலயம் எங்கணும் பரவிவிட்டது. நமது நாடும் அதற்கு விலக்கன்று.

இதன் உறவினர் இருவர் நமக்கு நன்கு பழக்கமானவர்கள். ஒன்று ஆவரை, அதன் பூவைக் காயவைத்துக் கொதிநீரிலிட்டுப் பருகுவது இலங்கையில் தமிழரிடத்தும் சிங்களவரிடத்தும் உள்ள வழக்கம். மற்றையது தகரை, மழைக்குப் பின் துளிர்க்கும் அதன் இளந்தளிரை வறை செய்து உண்போர் உண்டு. மூன்றுக்கும் பூ மஞ்சளே. ஆயின் வேறுபாடு காண்பது கடினமன்று. தகரையின் இலைக்காம்பில் மூன்று சோடிச் சிற்றிலைகள் இருக்கும். அவற்றின் நுனி மழுங்கி அகன்றிருக்கும். பேயாவரையில் நான்கு முதல் ஆறு சோடிச் சிற்றிலைகள். நுனி கூராக ஒடுங்கியிருக்கும். கசக்கி முகர்ந்தால் ஒரு கெட்ட நாற்றம் வரும். ஆவரையின் காய் தட்டையாய், மெல்லிய தாள்போல் இருக்கும். தகரையின் காய் மெலிந்து நீண்டு வளைந்திருக்கும். பேயாவரையின் காயோ விரல் நீளத்துக்குச் சற்று மேற்பட்டு, மேல்நோக்கி இலேசாக வளைந்து, முற்றும்போது நடுவே கபில நிறமும் ஓரங்களில் வெளிறிய கரையும் கொண்டு விளங்கும். ஒரு காயினுள் இருபது முப்பது விதைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த விதையே நமது விடயம்.

நஞ்சுடைய விதை ஒன்றைத் தின்ற விலங்கு நடக்கமாட்டாமல் வீழ்கின்றது என்று வைத்துக்கொள்வோம். வீழ்ந்தது தசையின் குற்றமா, தசையை ஏவும் நரம்பின் குற்றமா? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே இரண்டும் வெவ்வேறு. எட்டி விதையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஸ்ரிக்னின் என்னும் நஞ்சு முண்ணாணிலே வேலை செய்கின்றது. தசைகளை அளவோடு நிறுத்தி வைக்கும் கட்டுப்பாட்டை அது நீக்கிவிடுகின்றது. அதனால் உடலெங்கும் தசைகள் ஒருங்கே இறுகி, மூச்சு விடவும் இயலாத நிலை வருகின்றது. அங்கே தசை குற்றமற்ற ஏவலாள். தவறான கட்டளைக்குப் பணிகின்றது, அவ்வளவே. வட இந்தியாவில் வறிய மக்கள் பஞ்ச காலத்தில் உண்டு கால் முடமான கேசரிப் பருப்பின் கதையும் அத்தகையதே. அதிலுள்ள நஞ்சும் நரம்புக் கலங்களையே தாக்குகின்றது.

பேயாவரை இவ்விரண்டிலும் வேறானது. அதன் நஞ்சு, கட்டளையிடும் நரம்பை விட்டுவிட்டு, கட்டளையை நிறைவேற்றும் தசை இழையத்தையே நேராகச் சென்று தாக்குகின்றது. தசையை அழிக்கும் விதை என்று இதனைச் சொல்வது இதனாலேயே.

இந்த உண்மை ஒருநாளில் வெளிப்படவில்லை. பிரான்சு நாட்டில் இவ்விதை கலந்த தீவனத்தால் குதிரைகள் இறந்த செய்தி 1925ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு உயிரியற் கழகத்தின் ஏட்டிற் பதிவாயிற்று. பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், இச்செடி வளர்ந்த நிலங்களில் மேய்ந்த மாடுகளுக்குத் தசை சிதைந்தமையை ஆராய்ந்து 1965இல் கால்நடை மருத்துவர் வெளியிட்டனர். அதன்பின் பிரேசில் முதலிய நாடுகளிலும் மாடு, பன்றி, குதிரை, கோழி எனப் பல விலங்குகளில் இந்நோய் அறியப்பட்டது.

மாடுகள் இச்செடியை விரும்பித் தின்பதில்லை. அதன் நாற்றமே அவற்றை விலக்கிவிடும். பின் எவ்வாறு நஞ்சு உள்ளே செல்கின்றது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பசி. வேறு புல் இல்லாதபோது, வெறுத்த செடியையும் விலங்கு கடிக்கும். செடி காய்ந்து நாற்றம் குறைந்தபின் காயோடு சேர்த்து மென்றுவிடும். மற்றையது மனிதனுடைய கை. சோளத்தையும் சோயா அவரையையும் இயந்திரங்களால் அறுவடை செய்யும் நாடுகளில், வயலில் நின்ற பேயாவரையும் உடன் அறுபடுகின்றது. அதன் விதை தானியத்தோடு தானியமாய்க் கலந்து, ஆலையில் அரைபட்டுத் தீவனமாகின்றது. முழு விதை கடினமான தோலுடையது. அரைபட்டாலோ உள்ளிருக்கும் நஞ்சு எளிதில் வெளிப்பட்டுவிடும். மேலும், முகர்ந்து விலக்கும் ஆற்றல் மாட்டுக்கு உண்டாயினும், மாவாய்க் கலந்துவிட்டதை அது எவ்வாறு பிரித்தறியும்?

இனி, விதை உள்ளே சென்றபின் நிகழ்வதைப் பார்ப்போம். முதலில் வயிற்றுக் கோளாறு. மாடு கழியும், தீனியில் நாட்டங் குறையும். இதனைக் காண்பவர் சாதாரண வயிற்றோட்டம் என்று எண்ணுவர். சில நாட்கள் கழிய, கழிச்சல் நின்றும் போகலாம். அப்பொழுதுதான் உண்மையான நோய் தொடங்குகின்றது. பின்னங்கால்கள் தள்ளாடும், நடையில் ஒழுங்கு கெடும், சற்றுத் தூரம் ஓட்டினாலும் மாடு நின்றுவிடும். பிறகு படுக்கும், எழமாட்டாது. சிறுநீர் கடுங் கோப்பி நிறமாக மாறும்.

இங்கே கால்நடை மருத்துவர்கள் தவறாது குறிப்பிடும் ஓர் அடையாளம் உண்டு. படுத்த மாட்டின் கண்ணிலே மயக்கம் இராது. அது தலையை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கும். வாயருகே வைத்த புல்லைத் தின்னும், தண்ணீர் குடிக்கும். மூளை தெளிவாயிருக்கின்றது, பசி இருக்கின்றது, எழவேண்டும் என்ற நினைவும் இருக்கின்றது. எழுப்புவதற்குத் தசைதான் இல்லை. இவ்வாறு படுத்துவிட்ட மாடு மீண்டெழுவது அரிது. இதயமும் ஒரு தசையே என்பதை நாம் மறந்துவிடலாகாது. நஞ்சு அதனையும் எட்டும்போது முடிவு விரைவில் வந்துவிடுகின்றது.

இறந்த விலங்கை அறுத்துப் பார்த்தால், செந்நிறமாயிருக்கவேண்டிய தொடைத் தசைகளில் வெளிறிய கோடுகளும் திட்டுக்களும் தென்படும். வேகவைத்த இறைச்சிபோல் அவை நிறமிழந்திருக்கும். ஆயினும் எல்லா விலங்கிலும் நஞ்சு ஒரே வழியிற் செல்வதில்லை. மாட்டிலும் பன்றியிலும் உடலை இயக்கும் தசைகள் முதன்மையாகக் கெடுகின்றன. முயலில் இதயத்தசை பெரிதும் கெடுவது 1974இல் வெளியான ஆய்விற் காட்டப்பட்டது. குதிரையிலோ தசையினும் ஈரலே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றது. அதனால் மூளை மயங்கியதுபோன்ற குறிகள் தோன்றுகின்றன. கோழிக்குஞ்சுகளின் தீவனத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இவ்விதை கலந்தாலே வளர்ச்சி குன்றுகின்றது. குதிரைபற்றிச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அது பின்னர் நமக்கு உதவும்.

தசையினுள்ளே நிகழ்வது யாது? தசை என்பது நூல்போன்ற நார்கள் பல ஒன்றுசேர்ந்த கட்டு. ஒவ்வொரு நாரினுள்ளும் இழைமணிகள் எனப்படும் மிக நுண்ணிய உறுப்புக்கள் எண்ணற்றவை உள. அவை நாரின் அடுப்புக்கள் எனலாம். நாம் உண்ணும் உணவின் சத்தையும் மூச்சில் எடுக்கும் ஒட்சிசனையும் கொண்டு, தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தியை அவையே ஆக்கித் தருகின்றன. பேயாவரை விதையின் நஞ்சு இவ்வடுப்புக்களைக் கெடுக்கின்றது. நுணுக்குக்காட்டியால் நோக்கிய ஆய்வாளர், இழைமணிகள் வீங்கி உள்ளமைப்புச் சிதைந்து கிடப்பதைக் கண்டனர். ஒட்சிசனைப் பயன்படுத்த உதவும் நொதியம் சில நார்களில் முற்றாக அற்றுப்போயிருந்தமையையும் கண்டனர். அடுப்பு அணைந்த வீட்டில் சமையல் நடவாது. ஓயாது உழைக்கும் தசைக்கே அடுப்புக்கள் கூடுதலாக வேண்டும். அதனால் அத்தகைய தசைகளே முந்திக் கெடுகின்றன.

சக்தியற்ற நார் இறந்து, அதன் சுவர் கிழிகின்றது. உள்ளே இருந்தவை குருதியிற் கலக்கின்றன. தசைக்குச் செந்நிறம் தரும் பொருள் குருதி வழியே சிறுநீரகத்தை அடைந்து வெளியேறுகின்றது. சிறுநீர் கோப்பி நிறமாவது இதனாலேயே. தசைக்குரிய நொதியங்கள் சிலவும் குருதியில் மிகுகின்றன. ஆகவே விலங்கு உயிரோடிருக்கும்போதே அதன் குருதியைச் சோதித்து, தசை அழிகின்றதா என்பதை மருத்துவர் அறிந்துகொள்ளலாம்.

நஞ்சு எதுவென்பதிலும் அறிவு படிப்படியாகவே வளர்ந்தது. 1925இல் பிரான்சு அறிஞர் அது புரதவகையைச் சேர்ந்தது என்று கருதினர். பின்வந்தோர், அந்திரகுவினோன்கள் எனப்படும் பொருள்களும் அவற்றோடு உறவுடைய வேறொரு கூட்டுப்பொருளுமே காரணம் என்று காட்டினர். விதையை நன்கு வறுத்தால் நஞ்சு பெரிதும் தணிகின்றது. சில நாடுகளில் இதனை வறுத்து இடித்துக் கோப்பிக்கு மாற்றாகப் பருகிவந்தது இதனாலேயே இயன்றது. ஆயினும் தணிவது வேறு, அறவே நீங்குவது வேறு. அவ்வழக்கத்தைச் சான்றாகக் காட்டி இவ்விதை தீங்கற்றது என்று எவரும் வாதிடலாகாது.

இந்நோயை வேறு நோயென்று மயங்குவதற்கு இடம் நிறைய உண்டு. கன்று ஈன்ற பசு படுத்தால் பாற்சுரம் என்போம். மேய்ச்சல் நிலத்தில் வீழ்ந்தால் பாம்பு தீண்டியது என்போம். கற்றறிந்தவர்களுங்கூட மயங்குவர். விற்றமின் ஈ, செலீனியம் என்னும் சத்துக்கள் குறைந்தாலும் விலங்குகளின் தசை இவ்வாறே வெளிறிச் சிதையும். அதனை வெண்தசை நோய் என்பர். இரண்டையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது எளிதன்று. அந்நோய்க்கு அச்சத்துக்களைக் கொடுத்தாற் பயன் உண்டு. பேயாவரையால் வந்த நோய்க்கு அம்மருந்தால் மீட்சி இல்லை. இதற்கு மாற்றுமருந்து எதுவும் கிடையாது. ஆகவே நோயின் பெயரைத் தீர்மானிக்கும் வினா ஒன்றே: இந்த விலங்கு கடந்த சில நாட்களில் எதைத் தின்றது?

தசையைத் தாக்கும் விதை இது ஒன்றுதானோ என்று நீங்கள் வினவலாம். இல்லை. நாம் தீங்கற்றதென எண்ணும் பருத்தி விதையிலும் கொசிப்போல் என்னும் மஞ்சள் நிறப் பொருள் ஒன்று உண்டு. அது மிகுந்தால் பன்றிகளிலும் இளங் கன்றுகளிலும் இதயத்தசை சிதைந்து, மூச்சுத் திணறி அவை இறக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால்மாட்டுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். மாடும் நலமாகவே இருக்கின்றது. காரணம், வளர்ந்த மாட்டின் முதல் இரைப்பையில் அந்நஞ்சு புரதங்களோடு பிணைந்து வலுவிழந்துவிடுகின்றது. கன்றுக்கு அவ்விரைப்பை இன்னும் வளரவில்லை. பன்றிக்கோ அஃது இல்லவே இல்லை. ஒரே விதை தாய்க்கு உணவாகவும் கன்றுக்கு நஞ்சாகவும் இருக்கலாம் என்பது இதனாற் பெறப்படும். நஞ்சு என்பது பொருளில் மட்டும் இல்லை. உண்ணும் உடலிலும் அளவிலும் இருக்கின்றது.

இனி, நான் முன்னர்க் குறித்த துயர வரலாற்றுக்கு வருகின்றேன். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், சகாரன்பூர், பிஜ்னோர் முதலிய மாவட்டங்களில், மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் காலந்தோறும் சிறு குழந்தைகள் திடீரென நோயுற்று இறந்துகொண்டிருந்தனர். முதல்நாள் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை வாந்தியெடுக்கும், பிதற்றும், நினைவிழக்கும், இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். நோயுற்றவர்களில் நான்கில் மூவரேனும் மாண்டனர். அவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடியானவரின் பிள்ளைகள். நினைவிழந்த குழந்தையைக் கண்டோர் மூளையை நினைத்தனர். மூளைக்காய்ச்சல் என்று பெயரிட்டனர். கொசுவையும் வைரசையும் தேடினர். பல ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

பிஜ்னோர் நகரத்துக் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரசியற் பேராசிரியராக விளங்கிய ரி. ஜேக்கப் ஜோன் முதலியோர் இதனை வேறு கண்கொண்டு நோக்கினர். மூளைக்காய்ச்சல் என்றால் முண்ணாணைச் சூழ்ந்த நீரில் அழற்சியின் அடையாளம் இருக்கவேண்டும். இக்குழந்தைகளிடம் அஃது இல்லை. மாறாக ஈரல் கெட்டிருந்தது. குருதியில் வெல்லம் குறைந்திருந்தது. தசைக்குரிய நொதியம் மிகுந்திருந்தது. ஆகவே இது மூளையிலே பிறந்த நோயன்று. ஈரலும் தசையும் நஞ்சால் கெட, அதன் விளைவாக மூளை மயங்கியது. குதிரையிடத்தே கண்ட குறியும் மாட்டினிடத்தே கண்ட குறியும் ஒரு குழந்தையிடத்தே ஒன்றுகூடியிருந்தன.

பின்னர் அவர்கள், நோயுற்ற குழந்தைகளின் வீட்டாரையும் நலமாயிருந்த குழந்தைகளின் வீட்டாரையும் ஒரே வினாக்களைக் கேட்டு ஒப்பிட்டனர். விடை பேயாவரையாக இருந்தது. விளையாடப்போன குழந்தைகள், பசியினாலோ விளையாட்டாகவோ, வேலியோரத்துக் காயைப் பறித்துப் பயறுபோல் உரித்துத் தின்றிருந்தனர். அவ்வாய்வு 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர் லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விதையின் அந்திரகுவினோன்களை ஆராய்ந்து இம்முடிவுக்கு வலுவூட்டினர். மக்களுக்கு எடுத்துரைத்துச் செடிகளைப் பிடுங்கிய இடங்களில் நோய் குறைந்தது. 2016இல் ஒடிசா மாநிலத்தின் மல்கன்கிரி மாவட்டத்தில் ஏறத்தாழ நூறு குழந்தைகள் இறந்தபோதும், முதலில் எழுந்த பெயர் மூளைக்காய்ச்சலே. சிலருக்கு அந்நோய் உண்மையிலேயே இருந்தது. ஆயினும் ஏனையோரின் இறப்புக்குப் பேயாவரையே காரணம் என்று ஜேக்கப் ஜோன் உள்ளிட்ட அறிஞர் குழுவினர் கண்டுரைத்தனர்.

நேயர்களே, இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். 1925இல் குதிரையிடத்து அறியப்பட்டது, 1965இல் மாட்டினிடத்து நன்கு விளக்கப்பட்டது, 2007வரை அக்குழந்தைகளின் கட்டிலருகே சென்று சேரவில்லை. அறிவு இல்லாமற் போகவில்லை. அது வேறோர் அலுமாரியில் இருந்தது. கால்நடை மருத்துவம் ஒரு துறை, மக்கள் மருத்துவம் ஒரு துறை, தாவரவியல் ஒரு துறை என்று நாம் வசதிக்காகப் பிரித்து வைத்திருக்கின்றோம். நஞ்சுக்கு அந்தப் பிரிவுகள் தெரியா. மாட்டின் தொடையும் குழந்தையின் தொடையும் அதற்கு ஒன்றே. கல்வித் தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் இதனைச் சொல்கின்றேன்: பாடங்களுக்கு இடையே நாம் எழுப்பும் சுவர் சிலவேளைகளில் உயிர்களை விலையாகக் கேட்கின்றது. அந்தச் சுவரைத் தாண்டிப் பார்க்கப் பழக்குவதும் ஆசிரியன் கடமையாகும்.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, செடியை அறிந்துகொள்வது. நான் கூறிய அடையாளங்களைக் கொண்டு உங்கள் வளவையும் வேலியோரத்தையும் பாடசாலைச் சுற்றாடலையும் ஒருமுறை பாருங்கள். ஐயமிருந்தால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். இரண்டாவது, காய் முற்றுமுன் வேரோடு பிடுங்குவது. காய்த்தபின் வெட்டி அங்கேயே போட்டால் விதை சிதறி, அடுத்த மழைக்கு மேலும் பெருகும்; குழந்தைக்கும் மாட்டுக்கும் கைக்கெட்டிய தூரத்திலேயே காய் கிடக்கும். ஆனால் மஞ்சட் பூவைக் கண்டதும் ஆவரையையும் தகரையையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். அறியாமையால் அஞ்சுவதும் அறியாமையால் உண்பதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள்.

மூன்றாவது, மாடு வளர்ப்போர்க்கு. வறட்சிக் காலத்தில் வெட்டிவரும் புல்லுக்கட்டை உதறிப் பாருங்கள். மாடு காரணமின்றித் தள்ளாடினால் அதனை அடித்து எழுப்ப முயலாதீர்கள். கெட்டுக்கொண்டிருக்கும் தசையை வருத்துவது கேட்டை விரைவுபடுத்தும். அதனை நிழலிற் கட்டி, பழைய தீனியை நிறுத்தி, சிறுநீரின் நிறத்தைக் கவனித்து, மிருக வைத்தியரை உடனே அழையுங்கள். மேய்ந்த இடத்தையும் கொடுத்த தீவனத்தையும் அவருக்குக் காட்டுங்கள்.

நான்காவது, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும். முன்பின் அறியாத காயையும் விதையையும் வாயில் வைக்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குச் செடியைக் காட்டியே கற்பியுங்கள். படத்திற் கண்டதைப் பிள்ளை மறக்கும், கையாற் பிடுங்கி எறிந்ததை மறவாது. ஒரு குழந்தை இவ்விதையைத் தின்றது என்று அறிந்தால், கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காது, குறி தோன்றும்வரை காத்திராது, அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தின்ற காயில் ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் வினவாவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: இன்னதைத் தின்றது, இத்தனை மணிக்குத் தின்றது என்று. குழந்தையை ஏசவேண்டாம், ஏச்சுக்கு அஞ்சிய குழந்தை உண்மையை மறைக்கும். அந்த உண்மை ஒன்றே அதனுடைய உயிரைக் காக்கக்கூடியது.

நோய் உடலின் ஓரிடத்தில் வெளிப்படும். அதன் வேர் வேறோரிடத்தில் இருக்கும். வீழ்ந்த மாட்டின் காலை மட்டும் பார்த்தவர் காரணத்தைக் காணவில்லை. மயங்கிய குழந்தையின் தலையை மட்டும் பார்த்தவரும் காணவில்லை. அது எதை உண்டது என்று வினவியவரே கண்டனர். எளிய வினாதான்; அதனைக் கேட்பதற்குப் பட்டமும் வேண்டியதில்லை, கருவியும் வேண்டியதில்லை. நம் வீட்டு முற்றத்திலும் பட்டியிலும் அவ்வினாவை மறவாது கேட்போமாக.